ஆடிப்பட்டம் செல்லாத ஊர்: ஓக் மரத்தடியில் ஹம்மிங்பேர்டு சேஜ், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் ஹொசே நகரின் தென்மேற்கு ஓரத்தில், சாந்தா குரூஸ் மலைத்தொடர் எழும்பத் தொடங்கும் இடத்தில் இந்த வீடு இருக்கிறது. முன்வாசலில் பழைய ஓக் மரம் ஒன்று. 2015 வரை அதன் அடியில் வாசல் முழுக்கப் பச்சைப் புல்தரை. இப்போது புல் கிடையாது. மரத்தடி நிழலில் ஹம்மிங்பேர்டு சேஜ் என்ற துளசிக் குடும்பச் செடி படர்ந்திருக்கிறது. வெயில் படும் ஓரத்தில் கிளீவ்லாந்து சேஜ் புதர்கள். பங்குனியில் காலை வேளையில் போனால் ஹம்மிங்பேர்டு என்ற, பூந்தேன் குடிக்கும் சின்னப் பறவைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

வீட்டுக்காரர் தஞ்சாவூர்ப் பக்கம், மென்பொருள் வேலை. கலிபோர்னியாவின் நாட்டுச் செடிகளில் எனக்குப் பித்து உண்டு என்று தெரிந்து கூப்பிட்டார். அப்படித்தான் இந்த வாசலைத் தொடக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். இதை எழுதக் காரணம், யாரும் திட்டமிடாமலே இங்கே ஒரு சோதனை நடந்துவிட்டது. ஒரே வகைச் செடி, ஒரே கீற்று நிலம். வைகாசியில் நட்டவை ஆடி முடிவதற்குள் செத்தன. ஐப்பசி கடைசியில் நட்டவை இன்றும் இருக்கின்றன. 'வறட்சியைத் தாங்கும்' என்று எழுதிய அட்டையைப் பார்த்துச் செடி வாங்குகிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

மரமும் புல்லும்

உண்மையில் இந்த வீட்டில் முதல் நோயாளி ஓக் மரம்தான். கலிபோர்னியாக் கடற்கரையை ஒட்டிய மலைகளில் இயற்கையாக வளரும் பசுமைமாறா ஓக் அது. இலை சின்னது, தடிப்பு, ஓரத்தில் முள். அந்த ஊர் மழையெல்லாம் ஏறக்குறைய நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் பெய்து முடிந்துவிடும். சான் ஹொசேயின் ஆண்டுச் சராசரி சுமார் 380 மில்லிமீட்டர்தான். மே தொடங்கி செப்டம்பர் வரை வானம் கண் திறக்காது. மரத்தின் வேர் அதற்குப் பழகியது. கோடை என்றால் மேல்மண் வறண்டு கிடக்க வேண்டும் என்பது அதன் கணக்கு.

புல்தரைக்கோ கோடையில்தான் தண்ணீர் அதிகம் வேண்டும். தானியங்கித் தெளிப்பான் வாரத்தில் பல நாள் சுற்றிச் சுற்றி அடிக்கும். பாதித் தண்ணீர் மரத்தின் தூரில்தான் விழும். சூடான மண்ணில் ஈரம் நிற்பது வேர் அழுகல் கிருமிகளுக்கு விருந்து. ஓக் வேர்ப் பூஞ்சை என்றே அங்கே பேர் வாங்கிய ஆர்மிலேரியா அந்த வட்டார மண்ணில் பரவலாக உண்டு. மண் காய்ந்திருக்கும்வரை மரம் அதைச் சமாளித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் கோடை ஈரம் கிடைத்தால் பூஞ்சையின் கை ஓங்கிவிடும். இந்த மரத்தில் உச்சி இலை மெலிந்திருந்தது, தூரில் ஒரு பக்கம் பட்டை கறுத்துக் கசிந்தது. முந்தைய குளிர்காலத்தில் அடிமரத்தைச் சுற்றித் தேன் நிறக் காளான்கள் கொத்தாக முளைத்ததாக வீட்டுக்காரர் சொன்னார். மர மருத்துவர் வந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னது: புல் வேண்டுமா, மரம் வேண்டுமா?

அந்த ஆண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபமாகவும் இருந்தது. 2012-இல் தொடங்கிய வறட்சி முற்றிய நேரம். 2015 ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன், சியரா நெவாடா மலையில் பிலிப்ஸ் என்ற இடத்தில் பனி அளக்கும் மைதானத்தில் வெறும் புல்லின் மேல் நின்றுகொண்டு, மாநில நகரங்களின் நீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க உத்தரவிட்டார். மற்ற ஆண்டுகளில் அந்த நேரத்துக்கு ஆள் உயரத்தை நெருங்கும் பனி கிடக்க வேண்டிய இடம் அது. மாநிலம் முழுக்கப் பனி இருப்பு சராசரியில் 5 சதவீதம்தான் இருந்தது. அதே உத்தரவில் 5 கோடி சதுர அடிப் புல்தரையை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடி வைக்கும் திட்டமும் இருந்தது. தெருவில் நாலு வீட்டுப் புல் பழுத்துக் கிடக்கும்போது நம் புல்லும் பழுத்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஏன் இந்தச் செடி

ஓக் மரத்தடியில் செடி வைப்பது சிரமம். நிழல், கோடையில் காய்ந்த மண், மேலே வருடமெல்லாம் உதிரும் முள் இலை. தண்ணீர் கேட்கும் செடி எதையும் அங்கே வைக்கக் கூடாது, வைத்தால் புல்தரையின் கதைதான். வெயில் கேட்கும் செடியும் நிற்காது. நிழலையும் வறட்சியையும் சேர்த்துத் தாங்கி, அப்புறம் கண்ணுக்கு நல்ல பூவும் பூக்க வேண்டும் என்றால் பட்டியல் ரொம்பச் சின்னது. அதில் முதலில் நிற்பது ஹம்மிங்பேர்டு சேஜ். தாவரவியல் பெயர் சால்வியா ஸ்பதேசியா. கலிபோர்னியாவுக்கு வெளியே இயற்கையாக எங்கும் வளராது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம் வரை, ஓக் காடுகளின் அடியிலும் கடலோரப் புதர்க்காடுகளிலும் அதுவே படர்ந்திருக்கும். ஆக, மரத்தோடு கூடப் பிறந்த செடியைத்தான் மரத்தடிக்குத் திருப்பிக் கொண்டுவருகிறோம்.

சால்வியா நம் துளசியின் குடும்பம். தண்டை விரலிடுக்கில் உருட்டினால் நாலு முனை தட்டுப்படும், துளசித்தண்டு போலவே. இந்த வகையின் இலை பெரியது, ஒரு சாண் வரை போகும். மேல்பக்கம் சுருக்கம் விழுந்து, அடிப்பக்கம் வெளிர்ந்திருக்கும். தொட்டால் கை ஒட்டும், கூடவே பழ வாசம் வரும். இந்த வாசனைக்கும் பிசுக்குக்கும் பயந்துதான் மான்கள் இதை அவ்வளவாகக் கடிப்பதில்லை. அடிவார வீடுகளில் மான் பெரிய தொல்லை. ரோஜா வைத்தால் விடியும்போது காம்புதான் மிச்சம்.

செடி உயரமாகப் போவதைவிடப் பக்கவாட்டில்தான் போகும். மண்ணுக்குள் கிழங்குத்தண்டு ஊர்ந்து, அங்கங்கே புதுத் தலை எடுக்கும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ பூந்தண்டு முழங்காலுக்கு மேல் எழும்பும். தண்டில் அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கிலும் ஒயின் நிறப் பூவடிச் செதில்கள் சூழ்ந்து, நடுவிலிருந்து கரும் ரோஜா நிறக் குழல்பூக்கள் நீட்டிக்கொண்டு வரும். குழலின் நீளம் ஓர் அங்குலத்துக்கு மேல். பொதுவாக மே வரை பூக்கும். 'பவர்லைன் பிங்க்' என்று ஓங்கி வளரும் ரகம் உண்டு, 'ஏவிஸ் கீடி' என்று மஞ்சள் பூ ரகமும் உண்டு. மஞ்சள் அழகுதான், ஆனால் இந்த வாசலுக்குச் சாதாரண ரகமே போதும் என்றேன். நாற்றுக்கடையில் விலையும் குறைவு.

அருகம்புல் பாடு

புல்தரையைத் தோண்டி எடுக்கவில்லை. ஓக் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் ஓடும்; மண்வெட்டி போட்டால் மரத்துக்கு இன்னொரு காயம். அதனால் 2015 கோடையில் தெளிப்பானை நிறுத்தி, புல்லை ஒட்ட வெட்டி, மேலே அட்டைப்பெட்டிகளை விரித்து நனைத்து, அதன் மேல் மரச் சில்லுகளை ஒரு கையளவு உயரத்துக்குப் பரப்பினோம். மரத்தின் தூரைச் சுற்றி மட்டும் அட்டையும் சில்லும் படாமல் இடம் விட்டோம். அடிமரம் எப்போதும் காற்றாட இருக்க வேண்டும். உதிர்ந்த ஓக் இலையைக் கூட்டி அள்ளுவதையும் அன்றே நிறுத்தியாயிற்று. அந்த மரத்துக்கு அதைவிட நல்ல மூடாக்கு கிடையாது.

நிழல் பகுதியில் புல் சுலபமாகச் செத்தது. வண்டிப்பாதையை ஒட்டி வெயில் விழும் கீற்றில் சாகவில்லை. குனிந்து பார்த்தால் அது நம் அருகம்புல். அமெரிக்காவில் பெர்முடா புல் என்று விற்பதும் பிள்ளையாருக்குச் சாத்துவதும் ஒன்றேதான். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரோடுதல் எப்படிப்பட்டது என்று அட்டைக்கடியில் கையை விட்டவருக்குத்தான் தெரியும். அட்டை விளிம்பு வரை ஓடி, வெளியே தலையை நீட்டி, சில்லு மேலே மறுபடி படர்ந்தது. அதைத் தோண்டித் தோண்டி எடுத்து முடிக்க அடுத்த வசந்தம் ஆகிவிட்டது. இந்தத் தாமதம்தான் பின்னால் நடந்ததற்கு வழிவிட்டது.

நடவு, இரண்டு தவணையில்

மரத்தடிப் பகுதியில் 2015 ஐப்பசி கடைசியில், முதல் மழை மண்ணை நனைத்த பிறகு, ஒரு டஜனுக்குச் சற்று மேலான ஹம்மிங்பேர்டு சேஜ் செடிகளை நட்டோம். எல்லாம் ஒரு கேலன் தொட்டிச் செடிகள், மூன்றடி இடைவெளி. அட்டையில் ஓட்டை போட்டு, பெரிய வேர் தட்டுப்பட்டால் குழியை ஒரு சாண் தள்ளி, கைக்கொத்தாலேயே வேலை. குழியில் எருவோ உரமோ போடவில்லை. செடியின் கழுத்து சுற்று மண்ணைவிட ஒரு விரல்கடை உயர்ந்திருக்கும்படி வைத்தோம். சான் ஹொசே இருக்கும் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கின் களிமண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது; கழுத்து பள்ளத்தில் இருந்தால் மழைக்காலத்திலேயே அழுகும்.

அதன்பின் செய்தது ரொம்பக் குறைவு. நட்ட அன்று நன்றாகத் தண்ணீர். குளிர்காலத்தில் இரண்டு வாரம் தொடர்ந்து மழை இல்லாமல் போனால் ஒரு முறை. மேலே பார்த்தால் ஜனவரி வரை செடி நட்டபடியே நின்றது. வேலை நடந்தது கீழே. மண் குளிர்ந்து ஈரமாக இருக்கும் அந்த மாதங்களில்தான் வேர் இறங்கும். வெயில் ஏறும்போது வேர் ஆழத்தில் இருக்கும்.

ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்வார்கள். ஆற்றில் தண்ணீர் வருவதற்கும் பின்னால் மழை வருவதற்கும் பொருந்திய கணக்கு அது. கலிபோர்னியாவில் ஆடி என்பது நட்ட நடுக்கோடை, அதற்குப் பிறகும் இரண்டு மாதம் சொட்டு மழை கிடையாது. அங்கே தேட வேண்டியது ஐப்பசிப் பட்டம். வேடிக்கை என்னவென்றால், நாற்றுக்கடைகள் நிரம்பி வழிவது ஏப்ரல், மே மாதங்களில். செடி பூவோடு நிற்கும். பூவோடு நிற்கும் செடியைத்தான் வாங்குவார்கள். ஐப்பசியில் போனால் அதே செடி காய்ந்த குச்சியாக நிற்கும், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நடவுக்காலத்தைத் தீர்மானிப்பது மண் இல்லை, கடைக்காரரின் கல்லாப்பெட்டி என்று ஆகிவிட்டது.

வீட்டுக்காரரும் அதற்கு விலக்கில்லை. 2016 மே மாதம், அருகு ஒழிந்த வெயில் கீற்றுக்குப் பூத்துக் குலுங்கிய கிளீவ்லாந்து சேஜ் ஆறு வாங்கி வந்து நட்டுவிட்டார். சான் டியேகோ மாவட்டத்திலும் அதற்குத் தெற்கே பாஹா கலிபோர்னியாவின் வடபகுதியிலும் காய்ந்த சரிவுகளில் வளரும் புதர் அது. சான் டியேகோ வழக்கறிஞரும் செடி சேகரிப்பவருமான டேனியல் கிளீவ்லாந்தின் பெயரை 1874-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே அதற்கு வைத்தார். ஊதாநீலப் பூவுருண்டைகள் தண்டில் கோத்ததுபோல் நிற்கும். வாசனை தெருமுனை வரை வரும். அது வறட்சி தாங்கும் என்று சொன்னால் சத்தியமான பேச்சு, வேர் பிடித்த பிறகு. மே மாதம் தொட்டியிலிருந்து எடுத்து வைத்த செடிக்கு வேர் என்பது தொட்டி அளவு மண்ணுருண்டை மட்டுமே. அந்த உருண்டை வெயிலில் சீக்கிரம் காயும். சுற்றியிருக்கும் களிமண்ணுக்குள் வேர் இன்னும் நுழைந்திருக்காது. அந்த நிலையில் தண்ணீர் விட்டாலும் வம்பு, விடாவிட்டாலும் வம்பு.

ஆடி மாதம் நடந்தது

ஜூனில் வீட்டுக்காரரின் மாமியார் தஞ்சாவூரிலிருந்து வந்தார், வழக்கம்போல் ஆறு மாத விசாவில். கொல்லையில் வாழையும் கறிவேப்பிலையும் கனகாம்பரமும் வளர்த்துக் கைபழகியவர். காலையில் மருமகன் வேலைக்குப் போகும்போதே செடிகள் நிமிர்ந்திருக்கும். சாயங்காலம் நாலு மணி வெயிலில் தலை தொங்கும். வெப்பம் தாங்காமல் தண்ணீரை மிச்சம்பிடிக்க இலையைத் தளர்த்துவது இந்தச் செடிகளின் வழக்கம், இரவில் தானாக நிமிர்ந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு மனசு வரவில்லை.

"ஏன் மாப்ள, செடி நாக்கு தொங்கிப்போய்க் கெடக்கு. நீங்க பாட்டுக்குத் தண்ணி ஊத்த வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிடுறீங்க. நம்ம வீட்டு வாசல்ல ஒரு உசுரு வாடலாமா?"

"அத்தை, அது அப்படித்தான் இருக்கும், காலையில சரியாயிடும்" என்று இவர் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, வாடிய செடிக்கு நீர் வார்ப்பது நம்மவர்களுக்குக் கையோடு வந்த பழக்கம். சாயங்காலம் தோறும் ஒரு வாளி. நாள் முழுக்கச் சூடேறிய களிமண், அதில் ஆறு குழியிலும் ஈரம் தேங்கி, இரவு முழுக்க வெதுவெதுப்பாக நின்றது.

மூன்று வாரத்தில் முதல் செடி சாய்ந்தது. இந்தத் தடவை காலையிலும் நிமிரவில்லை. ஒரு கிளை மட்டும் முதலில் சாம்பல் நிறமாக வெளுத்தது, இலை உதிராமல் தண்டிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது, அடுத்து மொத்தச் செடியும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அவர் இன்னும் ஊற்றினார். இந்த நோயின் கெட்டிக்காரத்தனமே இதுதான். வேர் அழுகிய செடிக்கும் தண்ணீர் காணாத செடிக்கும் மேலே தெரியும் அறிகுறி ஒன்றே. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இங்கே விரல் சேறோடு வந்தது.

ஆகஸ்ட் முதல் வாரம் கூப்பிட்டார்கள். செத்த செடி ஒன்றைப் பிடித்து இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. நல்ல வேர் என்றால் வெளிர் நிறமாக, விறைப்பாக இருக்கும். இது பழுப்பு. இரண்டு விரலால் பிடித்து உருவினால் வெளித்தோல் வழுக்கிக்கொண்டு கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. கழுத்துக்கு மேலே பட்டையைச் சுரண்டினால் பச்சைக்குப் பதில் செம்பழுப்பு. பைட்டோப்தோரா வகை வேர் அழுகலின் கைரேகை இது. பூஞ்சை என்று பேச்சுக்குச் சொன்னாலும் அது பூஞ்சை இனம் இல்லை, நீர்ப்பாசிகளுக்குத் தூரத்து உறவு. அதன் வித்துகளுக்கு நீந்தும் வால் உண்டு. மண்துகள்களுக்கு நடுவே நீர்ப்படலம் நின்றால் அதிலேயே நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். அந்தக் கிருமிக்கு வெதுவெதுப்பும் ஈரமும் சேர வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் இருக்கும், மண் குளிர்ந்திருக்கும். கோடையில் சூடு இருக்கும், மண் காய்ந்திருக்கும். இந்தச் செடிகள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தது இந்த இரண்டும் சேராத ஊரில். சாயங்கால வாளி இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டது.

ஆறும் போயின. அதே நேரம், பத்தடி தள்ளி மரத்தடியில் இருந்த ஹம்மிங்பேர்டு சேஜ்களுக்கும் வாளித் தண்ணீர் அவ்வப்போது போயிருந்தது. அவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. கிளீவ்லாந்தைவிட இது கோடை ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் வகை. அதோடு ஒரு முழுக் குளிர்காலம் வேர் விட்டிருந்தது. இலைகளில் வெள்ளைப்பொடி பூசினாற்போல் சாம்பல் நோய் மட்டும் வந்தது. நிழலில் காற்றோட்டம் குறைந்தால் இந்தச் செடிக்கு அது வருவதுதான். பழுதான இலைகளைக் கிள்ளி எடுத்ததோடு சரி. அங்கே எனக்கு இருந்த பயம் மரத்தைப் பற்றித்தான், அதனால் மரத்தடிப் பக்கம் வாளியே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். மாமியாருக்கு மாற்று வேலையாகப் பின்கொல்லையில் வெண்டையும் கீரையும் தொட்டியில் வைத்துக் கொடுத்தார் வீட்டுக்காரர். பிரச்சினை தீர்ந்தது, கீரையும் கிடைத்தது.

அந்த நவம்பரில் கீற்று நிலத்தில் பழைய குழிகளை விட்டு விலகி, மண்ணை அரையடி மேடாகக் கூட்டி, அதே கிளீவ்லாந்து சேஜை மறுபடி நட்டோம். கிருமி மண்ணில் இருக்கத்தான் செய்யும். மேட்டில் தண்ணீர் நிற்காது என்பதுதான் தைரியம். அந்தக் குளிர்காலம் சாதாரணக் குளிர்காலம் இல்லை. 2017 பிப்ரவரியில் கயோட்டி ஓடை கரை புரண்டு சான் ஹொசேயின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்து, ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அவ்வளவு மழையிலும் மேட்டுச்செடிகள் நின்றன, மண் குளிர்ந்திருந்ததால். முதல் கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, விடியற்காலையில், தூரை விட்டுத் தள்ளி ஆழமாகத் தண்ணீர். இரண்டாம் கோடையிலிருந்து அதுவும் இல்லை. 2020 தொடங்கி மூன்று ஆண்டு வறட்சி வந்தபோது இந்த வாசலுக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பறவை

ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் உள்ள பறவை. நம் ஊர்த் தேன்சிட்டைக் காட்டி இதுதான் ஹம்மிங்பேர்டு என்று சொல்பவர்கள் நிறைய. இரண்டும் வேறு குடும்பம், பூந்தேன் குடிக்கும் தொழில் மட்டும் ஒன்று. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து குடிக்கும், ஹம்மிங்பேர்டு காற்றில் நின்ற இடத்தில் நின்று குடிக்கும். சேஜின் பூந்தண்டில் உட்கார வசதியான இடம் எதுவும் இல்லாதது அதற்கு ஒரு குறையே இல்லை.

சான் ஹொசேயில் வருடம் முழுக்கத் தங்குவது அன்னா ஹம்மிங்பேர்டு என்ற வகை. எடை 4 கிராம் சொச்சம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஹாவின் வடக்கிலும் தென் கலிபோர்னியாவிலும் மட்டும் கூடு கட்டிய பறவை. நகரத் தோட்டங்களில் பூவும் சர்க்கரைத் தண்ணீரும் கிடைக்கத் தொடங்கிய பிறகு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை பரவிவிட்டது. டிசம்பரிலேயே கூடு கட்டத் தொடங்கிவிடும். சிலந்தி நூலும் பஞ்சும் பாசியும் சேர்த்துக் கட்டிய கூடு, அதில் இரண்டு முட்டை, வளர்ப்பதெல்லாம் பெண்பறவை மட்டும். ஆக, மார்ச்சில் இந்தச் சேஜ் பூக்கும்போது குஞ்சு பொரித்த தாய்க்குப் பசி உச்சத்தில் இருக்கும். வலசை போகும் ஆலன், ரூஃபஸ் வகைகளும் மெக்ஸிகோவிலிருந்து வடக்கே போகும் வழியில் அதே வாரங்களில் கடலோரக் கலிபோர்னியாவைக் கடக்கும்.

பூவின் அமைப்பு பறவைக்கென்றே வைத்தது போலிருக்கும். சிவப்புச் சாயல் தேனீ கண்ணுக்கு அவ்வளவாக எடுபடாது. குழல் நீளம், அடியில் தேன். அலகை உள்ளே விட்டால் மேலுதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தப்பை நெற்றியில் இடிக்கும். காலையில் பூவை விட்டு வெளியே வரும் பறவையின் அலகடியில் மஞ்சள் பொட்டு வைத்ததுபோல் மகரந்தம் ஒட்டியிருக்கும். அப்படியே அடுத்த தண்டுக்குப் போகும். அது தேனை உறிஞ்சுவதும் இல்லை. நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்தது. தேனுக்குள் போனதும் ஓரத்திலுள்ள இழைகள் விரிந்து, வெளியே இழுக்கும்போது சுருண்டு, தேனைப் பொறியில் பிடிப்பது போல் பிடித்துவரும். 2011-இல் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேகக் கேமராவில் இதைக் காட்டும் வரை, நுண்குழாயில் தண்ணீர் தானாக ஏறுவதுபோல் ஏறுகிறது என்றே ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டாக நம்பியிருந்தார்கள்.

2016 வசந்தத்தில் மரத்தடியில் பூந்தண்டுகள் குறைவு, பறவை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. 2017-இல் கிழங்கு ஓடித் திட்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கியதும் ஓர் ஆண்பறவை வாசலையே குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. ஓக்கின் காய்ந்த நுனிக்கிளை ஒன்றில் உட்கார்ந்து, தகரத்தைச் சுரண்டும் குரலில் பாடும். வேறு எது வந்தாலும், அது வலசைப் பறவையோ தெருப்பூனையோ, விரட்டும். பெண்ணைக் கண்டால் நேர்குத்தாக 30 மீட்டர் போல மேலே ஏறி, தலைகீழாகப் பாய்ந்து, கீழே வளையும் கணத்தில் 'டிக்' என்று ஒரு வெடிச்சத்தம். அது வாயிலிருந்து வருவதில்லை, வால் இறகு காற்றில் அதிர்வதால் வருவது. பாய்ச்சலின் உச்ச வேகத்தில் நொடிக்குத் தன் உடல்நீளத்தைப் போல் 385 மடங்கு தூரம் போகிறது என்று 2009-இல் அளந்திருக்கிறார்கள். வளையும்போது புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு விசையை அந்த 4 கிராம் உடம்பு தாங்குகிறது. சண்டைக்காரன்தான், ஆனால் ஒருவன் மட்டும் காவல் காத்தால் மற்றவை பட்டினி. மரத்தின் மறுபக்கம் தனியாக ஒரு திட்டு வைத்ததும் இரண்டாவது பறவைக்கும் இடம் கிடைத்தது. ஒரே இடத்தில் நின்று இரண்டு திட்டையும் பார்க்க முடியாதபடி மரம் மறைத்தது.

சேஜ் மட்டும் வைத்துவிட்டு வருடமெல்லாம் பறவை வர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. மே முடிந்தால் மரத்தடியில் பூ முடிந்தது. அதிலிருந்து ஜூலை வரை கிளீவ்லாந்து கைகொடுக்கும்; அதில் வண்டுகளும் தேனீக்களும்தான் அதிகம், பறவையும் வரும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை செந்நிறக் குழல்பூ பூக்கும் கலிபோர்னியா ஃபியூஷியா, டிசம்பரிலிருந்து மான்சனிட்டா புதர். நடைபாதை ஓரத்தில் மெக்ஸிகோ, டெக்சஸ் பக்கத்துச் சால்வியா கிரெகியை வைத்தால் வசந்தத்திலிருந்து பனி வரும்வரை விட்டுவிட்டுப் பூக்கும். இந்த வீட்டில் ஒரு வரிசை அப்படி உண்டு. சர்க்கரைத் தண்ணீர்க் குடுவை தொங்கவிடுவது அவரவர் விருப்பம். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர், சிவப்புச் சாயம் கூடாது, வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும். கழுவச் சோம்பல் என்றால் குடுவையே வேண்டாம், செடி போதும். பூச்சிமருந்து மட்டும் எக்காரணம் கொண்டும் அடிக்கக் கூடாது. குஞ்சு வளர்வது தேனில் மட்டும் இல்லை, தாய் பிடித்துவரும் சின்னப் பூச்சிகளிலும் சிலந்திகளிலும்தான்.

ஆகஸ்ட் முகமும் பராமரிப்பும்

இந்தச் செடியை வைக்க நினைப்பவர்கள் ஆகஸ்டில் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. பூந்தண்டு காய்ந்து கருத்திருக்கும், இலை பாதி பழுத்துச் சுருண்டிருக்கும். வாசலுக்கு வந்தவர்கள் "செடி செத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். பிடுங்கிவிட வேண்டாம். காய்ந்த தண்டில் விதை இருக்கும். மஞ்சள் சிட்டுகள் வந்து கொத்தும். நிழலில் மாதம் ஒரு முறை விடியலில் லேசாகத் தண்ணீர் காட்டினால் இலை கொஞ்சம் பார்க்கும்படி இருக்கும் என்பது உண்மை, ஓக் மரம் இல்லாத வாசலில் தாராளமாகச் செய்யலாம். இந்த வாசலில் செய்வதில்லை.

முதல் மழைக்குப் பிறகு அடியில் புதுத் தளிர் தெரிந்ததும் பழைய தண்டுகளை ஒட்ட வெட்டிவிடலாம். ஆண்டுக்கு அந்த ஒரு நாள்தான் பெரிய வேலை. கிளீவ்லாந்துக்கு மட்டும் கத்தரியில் கவனம் வேண்டும். பச்சை உள்ள இடத்துக்கு மேல்தான் வெட்ட வேண்டும், காய்ந்த கட்டை வரை வெட்டினால் திரும்பத் துளிர்க்காமல் போகலாம்.

மரத்தின் நிலவரம்: தூரில் கசிவு இரண்டாம் ஆண்டில் நின்றது. உச்சியில் காய்ந்த கிளைகள் காய்ந்தவைதான், அவை திரும்ப வரவில்லை. ஆனால் கீழ்க்கிளைகளில் இலை அடர்த்தி கூடியிருக்கிறது. ஆர்மிலேரியா வேரில் இன்னும் இருக்கும் என்றுதான் மர மருத்துவர் சொல்கிறார், ஆண்டுக்கு ஒரு முறை வந்து பார்க்கிறார். அருகும் தொலையவில்லை. மாமியார் வரும் வருடங்களில் பிள்ளையாருக்கு வேண்டிய அளவு வண்டிப்பாதை ஓரத்தில் கிடைக்கிறது.

மரத்தடித் திட்டுகள் இப்போது நடைபாதைக்கு ஏறப் பார்க்கின்றன, அதனால் ஐப்பசி தோறும் ஓரத்தைக் கொத்தி எடுத்து நண்பர்களுக்குக் கொடுக்கிறார் வீட்டுக்காரர். கைநீளக் கிழங்குத்தண்டில் வேரும் ஒரு தலையும் இருந்தால் போதும். இலையைப் பாதியாகக் கிள்ளிவிட்டு, தொட்டியில் வைக்காமல் நேரே மண்ணில் படுக்கவைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி மூட வேண்டும். மழை தாமதமானால் வாரம் ஒரு தண்ணீர். வாங்கிப் போகிறவர்கள் மே மாதம் கேட்டால் அவர் கொடுப்பதில்லை, நவம்பரில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.